காட்சிசாலையும் வயலோரக் கற்களும்

கிருஷ்ணகிரி நகரில் 1993ஆம் ஆண்டு முதல் அரசு அருங்காட்சியகம் ஒன்று இருந்து வருகிறது. அளவிற் சிறியது. ஓசூர்த் தொழிற்சாலைகளை நோக்கி இரவு பகலாக லாரிகள் விரையும் நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி ஊருக்குள் வந்தால் போதும். கிராம இளைஞர்கள் அங்கு வந்து நடுகற்களின் முன்னே நிதானமாக நிற்க வேண்டுமென்பது நமது விருப்பம்.

நடுகல்லைப் படிப்பது கடினமன்று. வில்லோ வாளோ ஏந்தி நிற்பவன் மாண்ட வீரன். உடலில் தைத்திருப்பவை அம்புகள். காலருகே மாடுகள் செதுக்கப்பட்டிருப்பின், ஆநிரை குறித்த பூசலில் அவன் பட்டான் என்று கொள்ளலாம். மேலடுக்கில் அரமகளிர் அவனை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்வர். பழைய கற்களில் மன்னனின் ஆட்சியாண்டும் ஊரும் வீரனின் பெயரும் வட்டெழுத்தில் வரும். ஓசூர்ப் பக்கத்தில் கன்னட எழுத்துக் கற்களும் உண்டு, எல்லைப்புறமல்லவா!

இக்கற்கள் யாவும் நம் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நின்றவையே. இவ்வட்டாரத்தில் பல நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று வணங்குகின்றனர். பூசை பெற்றவை பிழைத்தன. பெறாதவற்றுட் சில வாய்க்காலின்மேற் பாலமாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் ஆயின. கல்வெட்டு ஆராய்ச்சி தோன்றுமுன்னரே கற்பூரம் ஏற்றிய கைகள் வரலாற்றைக் காத்தன என்று சொன்னால் மிகையாகாது.

இராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு இத்தகைய கவலை குறைவு. 1791இல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலுடன் அது அவர்கள் வசமாயிற்று. இன்று மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மல்லச்சந்திரம் மலைமேலுள்ள கற்றிட்டைகளோ வேறு வகை. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல்லை ஏற்றி, ஒரு பக்கத்தில் வட்டத் துளையிட்டுப் பெருங்கற்காலத்தார் அமைத்த ஈமச் சின்னங்கள் அவை. பலவிடங்களில் ஊரார் இத்தகையவற்றைப் பாண்டவர் வீடு என்பர். புதையலை நாடித் தோண்டுவோரும் கல்லுடைப்போரும் இவற்றுக்குப் பகை. இம்மாவட்டத்துக் கருங்கல்லுக்கு விலையுண்டு என்பதை நாம் அறிவோம்.

மண்ணைக் கலைக்காமல் விட்டதன் பயனை மயிலாடும்பாறையில் காணலாம். 2021இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தது. அங்குக் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மண்ணடுக்கு குலையாதிருந்தமையாலன்றோ அக்காலத்தைக் கணிக்க முடிந்தது!

ஆகவே, உழும்பொழுது எழுத்துள்ள கல்லோ தாழியோ தென்பட்டால், அதனைப் பெயர்க்க வேண்டா. சுண்ணாம்பு பூசுதலும் அரிவாள் தீட்டுதலும் கூடா. காட்சிசாலைக் காப்பாட்சியருக்குச் செய்தி அனுப்புக. மண்ணில் மறைந்திருந்த புதையல் கிடைத்து, அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். கிடைத்தது யாது, எவ்வளவு, எந்த இடத்தில், எந்நாளில் என்னும் விவரங்களை அதில் குறிப்பிடுக.