ஒரே பெட்டகம், பல கைகள்

தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள்களே உள்ளன. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவிற்குச் செல்லும் இரவுப் பேருந்தில் ஓர் இருக்கைதான் மீதம். ஒருவர் தமது கைப்பேசியில் அந்த இருக்கையைத் தேர்ந்தெடுக்கிறார். அதே நொடியில் வேறோர் இடத்திலிருந்து மற்றொருவரும் அதையே தேர்ந்தெடுக்கிறார். இருவரிடமும் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஒரே இருக்கையைக் கொடுத்துவிட்டால் பேருந்து நிலையத்தில் சண்டைதான் மூளும். இக்குழப்பம் நேராமல் காப்பது எது?

இருக்கை எண்கள், பயணிகளின் பெயர்கள், செலுத்திய பணம் ஆகிய விவரங்கள் யாவும் தரவுத்தளத்தில் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருக்கும். அதை இயக்கும் கணினியே சேவையகம். ஒரே ஒரு சேவையகம் இருந்து, அதுவும் பழுதடைந்தால் விற்பனை முழுவதும் நின்றுவிடும். எனவே, தடையின்றி இயங்க வேண்டிய பணிகளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சேவையகங்களை இணைக்கின்றனர். இதனைச் சேவையகக் கொத்து என்பர். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் தனது வேக்ஸ் கணினிகளுக்கு இத்தகைய கொத்தை அறிமுகப்படுத்தியது. 2001-இல் ஆரக்கிள் நிறுவனமும் பல சேவையகங்கள் ஒரே தரவுத்தளத்தை இயக்கும் மென்பொருளை வெளியிட்டது.

பகிர்வுச் சேமிப்பகம்

இவ்வகைக் கொத்தில் தரவு எந்தச் சேவையகத்தின் உள்ளேயும் இருப்பதில்லை. சேமிப்பகம் என்னும் தனிக் கருவியின் வட்டுகளில் அது வைக்கப்படுகிறது. எல்லாச் சேவையகங்களும் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கடையின் கணக்கேட்டில் இரு கணக்கர்கள் எழுதுவதைப் போன்றது இது. இருவரும் ஒரே வரியில் ஒரே நேரத்தில் எழுதினால் கணக்கு பாழாகிவிடும். ஆகவே, ஒரு விவரத்தை மாற்றும் முன் சேவையகம் அதற்குப் பூட்டுப் போடுகிறது. பூட்டு விலகும்வரை மற்றது காத்திருக்கும். அந்த இருக்கையும் ஒருவருக்கே கிடைக்கும்.

மௌனத்தின் ஆபத்து

கொத்திலுள்ள சேவையகங்கள் தங்களுக்கே உரிய தனி வலையமைப்பின் வழி, ‘நான் இயங்குகிறேன்’ என்று ஒன்றுக்கொன்று இடைவிடாமல் செய்தி அனுப்புகின்றன. இதனை இதயத்துடிப்பு என்பர். ஒன்றின் துடிப்பு நின்றால் மற்றது அதன் பணியை ஏற்றுக்கொள்ளும். முடிந்த விற்பனையை உறுதிசெய்யும்; பாதியில் நின்றதை நீக்கிவிடும்.

ஆனால், சேவையகங்கள் நலமாக இருந்து, இடையிலுள்ள வடம் மட்டும் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் மற்றது செயலிழந்துவிட்டதாக எண்ணும். இரண்டும் பூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரே வட்டில் எழுதத் தொடங்கும். தரவு முழுவதும் சிதைந்துபோகும். இதற்கு மூளைப் பிளவு என்று பெயர். விற்பனை சிறிது நேரம் நிற்பதைவிட இது கொடிய இழப்பாகும்.

இதைத் தடுக்க வாக்கு வட்டுகள் உதவுகின்றன. ஒவ்வொரு சேவையகமும் தனது நிலையை அவற்றில் குறித்துவைக்கும். வடம் அறுந்தாலும், மற்றது உயிருடன் இருப்பதை அங்கே காணலாம். பின்னர், விதிப்படி ஒன்று மட்டும் பணியைத் தொடரும். மற்றது தானாகவே விலகி மறுதொடக்கம் செய்யும். பாதிக்கு மேற்பட்ட வாக்கு வட்டுகளை அணுக முடியாத சேவையகமும் விலகிக்கொள்ள வேண்டும். ஆகவேதான் வட்டுகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைக்கின்றனர். மூன்று வட்டுகளில் ஒன்று பழுதானாலும் இரண்டு எஞ்சும். அது பாதிக்கு மேல். இரண்டே இருந்து ஒன்று பழுதானால் எஞ்சுவது சரிபாதிதான், அது போதாது.

அமைக்கும் முறை

முதலில் சேமிப்பகத்தை இரு வழிகளில் இணைக்க வேண்டும். ஒரு வடம் பழுதானால் மற்றது உதவும். எல்லாச் சேவையகங்களிலும் கடிகாரம் ஒத்திருக்க வேண்டும். கொத்து மென்பொருளை நிறுவிய பின்னரே தரவுத்தளத்தை உருவாக்க வேண்டும். இறுதியாக, பயனர்களுக்குத் திறந்துவிடும் முன், வடத்தை வேண்டுமென்றே கழற்றிச் சோதிக்க வேண்டும். சோதிக்காத பாதுகாப்பை நம்பிவிடக் கூடாது.

இவ்வளவு செய்தாலும், தவறுதலாக அழித்த தரவைக் கொத்து மீட்டுத் தராது. எல்லாச் சேவையகங்களும் அதே பெட்டகத்தைத்தானே பார்க்கின்றன! கட்டடத்தில் தீப்பிடித்தால் பெட்டகமும் போய்விடும். ஆகவே, வேறோர் இடத்தில் நகல் வைப்பது இன்றியமையாதது.

மாணவர்களே, குழுப்பணியில் இருவர் ஒரே கோப்பைத் திருத்தி, ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். பலர் சேர்வதால் மட்டும் ஒரு பணி சிறந்துவிடாது. யார் எழுதுவது, எப்போது விலகுவது என்று முன்கூட்டியே உடன்படுவதே கூட்டு முயற்சிக்கு உயிர்.

சிந்தித்து விடை எழுதுக

1. சேவையகம் பழுதடைவதைவிட மூளைப் பிளவு ஏன் கொடியது?
2. நான்கு வாக்கு வட்டுகள் இருந்தால், எத்தனை பழுதாகும்வரை கொத்து இயங்கும்? மூன்று வட்டுகளுடன் ஒப்பிடுக.
3. உங்கள் குழுப்பணிக்கு ஏற்ற ‘பூட்டு’ விதி ஒன்றைப் பரிந்துரைத்துக் காரணம் கூறுக.