உயரம் குன்றிய சிறுமியரும் டர்னர் குறைபாடும்

சிறுமி உயரம் குன்றியிருந்தால் ஊட்டக்குறைவு எனப் பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது. ஆயினும் பெண் குழந்தைகளுள் ஏறத்தாழ 2,500-க்கு ஒருத்தி டர்னர் குறைபாட்டுடன் பிறக்கிறாள். இரண்டாவது எக்ஸ் குரோமோசோம் முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாமையே இதன் காரணம் என்பது 1959-இல் தெரியவந்தது. சத்துணவால் மட்டும் இவ்வளர்ச்சிக்குறை நீங்காது.

உயரத்தினும் கவலைக்குரியது இதயம். மகாதமனி குறுகியிருத்தல் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். எனவே இதயப் பரிசோதனையும் இரத்த அழுத்தக் கண்காணிப்பும் வாழ்நாள் முழுவதும் தேவை. சிறுநீரகம், தைராய்டு, செவிப்புலன் ஆகியவையும் பாதிக்கப்படலாம். சூலகம் செயலிழப்பதால் பெரும்பாலோர் சிகிச்சையின்றிப் பூப்பெய்துவதில்லை. பல குடும்பங்கள் அதன் பின்னரே மருத்துவரை நாடுகின்றன. அதற்குள் வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சைக்கு உகந்த ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

2013-இல் தொடங்கப்பெற்ற தேசிய சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அங்கு எடுக்கப்படும் உயர அளவை முந்தைய ஆண்டின் அளவோடு ஒப்பிட்டு, காரணமின்றிப் பின்தங்கும் சிறுமியைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.