கறை போகிறதா, சுவர் கரைகிறதா?

வீட்டு வெளிப்புறத் தூய்மை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரிலும் சன்ஷேடு விளிம்பிலும் மதிற்சுவரிலும் கருமையும் பாசியும் படிந்திருப்பது தமிழக வீடுகளில் ஆண்டுதோறும் காணப்படும் ஒன்றாகும். பொங்கலுக்கு முன் அவற்றை அகற்ற முனைவோர், கறை எத்தகையது, அது படிந்த பரப்பு எதனால் ஆனது என்று பாராமல், கடையில் கிடைப்பவற்றுள் வீரியம் மிக்கதையே வாங்குகின்றனர். அத்தேர்வுக்குப் பின்னுள்ள ஆறு நம்பிக்கைகள் இங்கே ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை 1: சுவரின் கருமை வெறும் தூசியும் புகையும்தான், மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும்.

உண்மை: சாலையோர வீடுகளில் வாகனப் புகை படிவதுண்டு எனினும், மழைநீர் வழியும் தடத்தில் கோடுகோடாக இறங்கும் கருமை பெரும்பாலும் உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் ஒருவகை நுண்ணுயிர், புறஊதாக் கதிர்களிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அடர்நிற நிறமியைச் சேர்த்துக்கொள்வதால் வறண்ட காலத்தில் கரிபோலத் தோன்றி, ஈரம் பட்டதும் மீண்டும் வளரத் தொடங்குகிறது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: சில நிமிடங்களில் வெளிறினால் அது பாசியோ பூஞ்சையோ ஆகும், மாறாவிட்டால் புகைக்கரியாகவோ தூசியாகவோ இருக்கலாம். பாசியின்மேல் அடித்த பெயிண்ட், சுவரைப் பற்றாமல் பாசியைப் பற்றி நிற்பதால் விரைவில் உரிந்துவிடும்.

நம்பிக்கை 2: ஆசிட் ஊற்றினால் அழுக்கு நுரைத்துக்கொண்டு வெளியேறும்.

உண்மை: கழிவறைக்கென விற்கப்படும் ஆசிட் பெரும்பாலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும். சிமென்ட் பூச்சிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் உள்ள கால்சியம் கார்பனேட்டை அது கரைக்கும்போது வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடு வாயுவே அந்த நுரை. எனவே வெளியேறுவது அழுக்கு அன்று, மணலைப் பிணைத்து நிற்கும் பூச்சின் உடலே. பிணைப்பு கரைந்தபின் பரப்பு சொரசொரப்பாகி, அடுத்த மழையில் பாசி ஒட்டிக்கொள்ள முன்னிலும் வசதியான இடமாகிவிடுகிறது. இதனினும் பெரிய கேடு உள்ளே நிகழ்வது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பது, பி.எச். அளவில் 12-க்கு மேற்பட்ட அதன் காரத்தன்மையாகும். அமிலம் அக்காரத்தன்மையைக் குறைக்க, அதனுடன் வரும் குளோரைடு அயனிகள் விரிசல் வழியே கம்பியை அடைந்தால் துரு தொடங்குகிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் மூடியுள்ள கான்கிரீட் வெடித்து, சன்ஷேட்டின் அடிப்புறம் பெயர்ந்து விழுகிறது.

நம்பிக்கை 3: எலுமிச்சையும் புளியும் வினிகரும் இயற்கைப் பொருள்கள்; எதற்கும் தீங்கு செய்யா.

உண்மை: புளி பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவது அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தால்தான், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் வினிகரில் அசெட்டிக் அமிலமும் உள்ளன. கடப்பைக் கல்லும் மார்பிளும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை ஆதலின், இவை பட்ட இடம் மெருகிழந்து மங்கும். கிரானைட் இவற்றைத் தாங்கும். அதன் இணைப்புகளில் உள்ள சிமென்ட் தாங்காது.

நம்பிக்கை 4: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் பலன் இரட்டிப்பாகும்.

உண்மை: இக்கலவையிலிருந்து வெளிப்படுவது குளோரின் வாயு, 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மானியப் படை பெருமளவில் திறந்துவிட்டதும் இதே வாயுதான். அது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது ஆதலின், வீட்டுக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட குறுகிய சந்தில், திறந்தவெளியாயினும், தாழ்வாகத் தேங்கி நிற்கும். பிளீச்சிங் பவுடரைத் தனியாகவே பயன்படுத்த வேண்டும்: நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலுள்ள தெளிநீரை மட்டும் எடுத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து பாசியில் தடவி, 10 முதல் 15 நிமிடம் கழித்து நைலான் பிரஷால் தேய்த்து, நிறைய நீரூற்றிக் கழுவிவிட வேண்டும், அருகிலுள்ள செடிகளை முன்னரே வெறும் நீரால் நனைத்து வைப்பது நலம்.

நம்பிக்கை 5: நீரின் அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சுத்தம்.

உண்மை: மொட்டைமாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், தரைத்தளக் குழாயில் கிடைப்பது ஏறத்தாழ 1 பார் அழுத்தம்; வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் பிரஷர் வாஷர்கள் பலவும் 100 பாருக்கு மேல் தருபவை. கடினமான கான்கிரீட் தரைக்கு அது பொருந்தும் எனினும், பழைய சுண்ணாம்புப் பூச்சையும் சுட்ட ஓட்டின் மேல்தோலையும் அது செதுக்கிவிடும். மங்களூர் ஓடு, மேலிருந்து வழியும் நீரைத் தள்ளிவிடும் வகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவது. கீழிருந்து பீய்ச்சினால் நீர் அடுக்குகளுக்கு இடையே ஏறி உத்தரக் கட்டைகளை நனைக்கும். மின்மீட்டர்ப் பெட்டியின் பக்கம் இக்கருவியைத் திருப்பவே கூடாது.

நம்பிக்கை 6: சுவரில் பூக்கும் வெள்ளை உப்பை நீரூற்றிக் கழுவினால் போய்விடும்.

உண்மை: செங்கல், மணல், நிலத்தடி நீர் ஆகியவற்றிலுள்ள உப்புகள் ஈரத்தில் கரைந்து, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாக எஞ்சுவதே உப்புப் பூத்தல் எனப்படுகிறது. நீரூற்றினால் அவ்வுப்பு மீண்டும் கரைந்து சுவருக்குள் திரும்பி, காய்ந்ததும் மறுபடி வெளிப்படும். வறண்ட நாளில் உலர்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்ந்ததைச் சுவரடியில் விடாமல் கூட்டி அள்ளுவதே முறை.

இவற்றால் பெறப்படும் ஒழுங்கு இதுவே: முதலில் கறையையும் பரப்பையும் இனங்கண்டு, உலர்ந்த பிரஷ், சோப்பு நீர், பிளீச்சிங் கரைசல் என மென்மையானதிலிருந்து படிப்படியாகச் சென்று, ஒவ்வொன்றையும் கண்ணில் படாத மூலையில் சோதித்த பின்னரே சுவர் முழுவதற்கும் பயன்படுத்த வேண்டும். பாசி, உப்பு இரண்டுக்கும் மூலம் ஈரமே ஆதலின், உடைந்த மழைநீர்க் குழாயையும், நீர் சுவரில் வழியாமல் சொட்டிவிழச் சன்ஷேட்டின் அடிவிளிம்பில் விடப்படும் பள்ளக்கோட்டையும் சரிசெய்யாதவரை, எம்முறையில் கழுவினாலும் அடுத்த ஆண்டும் கழுவ வேண்டியிருக்கும்.