கவசத்துக்குள் இருப்பவர் யார்?
திருவொற்றியூர் காட்டும் ஆன்ம தத்துவம்

சென்னைக்கு வடக்கே, ராயபுரத்தையும் காசிமேட்டையும் தாண்டிச் சென்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வரிசையாகத் தொழிற்சாலைகள். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் இரவிலும் ஓய்வதில்லை. இத்தனை சத்தத்துக்கு நடுவே, சாந்தமே வடிவாக எழுந்தருளியிருக்கிறார் திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர். அம்பிகையின் திருநாமம், வடிவுடையம்மன்.

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிவரும் நாளில் மூன்று அம்மன்களைத் தரிசிக்கும் வழக்கம் நம் வாசகியர் பலருக்கும் தெரிந்ததுதான். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். முறையே இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்பார்கள். இவர்களில் ஞான சக்தியாக விளங்குபவள் வடிவுடையாள். அப்படியானால், இந்தத் தலத்தில் நாம் கேட்டுப் பெறவேண்டிய ஞானம் எது?

'நான் யார்?' என்பதை அறியும் ஞானம்தான் அது!

'உடம்பு வேறு, ஆன்மா வேறு' என்று உபன்யாசங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போது மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால், வீட்டுக்கு வந்ததும் மூட்டுவலி படுத்துகிறது. பிள்ளை எதிர்த்துப் பேசினால் நெஞ்சு கொதிக்கிறது. வீட்டில் ஒருவர் நிரந்தரமாகப் பிரிந்துவிட்டால், கேட்ட தத்துவம் எல்லாம் எங்கோ ஓடிப்போய்விடுகிறது. ஆன்ம ஞானம் என்பது துறவிகளுக்கு மட்டும்தானா? அழுகிற மனிதர்களுக்கு அது உதவாதா?

இந்தக் கேள்விக்குத் திருவொற்றியூர் பதில் வைத்திருக்கிறது. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மூன்று நாள் தரிசனம்

இங்கே மூலவர் புற்று வடிவான சுயம்பு மூர்த்தி. ஆண்டு முழுவதும் அவர் மீது கவசம் சாத்தப்பட்டிருக்கும். நாம் தரிசிப்பது கவசத்தைத்தான். கார்த்திகை மாதப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசம் களையப்படுகிறது. அப்போது சுவாமிக்குப் புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அந்த மூன்று நாட்களும் நீண்ட வரிசையில் காத்திருந்து, கவசமில்லாத திருமேனியைக் கண்டு சிலிர்த்துப் போகிறார்கள் பக்தர்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கவசம் களையப்பட்ட நாளில் சுவாமி புதிதாக வந்துவிடவில்லை. மற்ற நாட்களிலும் அவர் உள்ளேதான் இருந்தார். நமக்குத்தான் தெரியவில்லை. ஆன்மாவின் நிலையும் இதுவே என்கின்றன சாஸ்திரங்கள். அதை எங்கிருந்தும் கொண்டுவர வேண்டியதில்லை. மூடியிருப்பது விலகினால் போதும்.

ஐந்து உறைகள்

எது மூடியிருக்கிறது? தைத்திரீய உபநிஷதம் ஐந்து கோசங்களைச் சொல்கிறது. கோசம் என்றால் உறை.

முதலாவது, அன்னமய கோசம். நாம் உண்ணும் சோற்றால் வளர்ந்த இந்த உடம்பு. இரண்டாவது, பிராணமய கோசம். உடம்பை இயக்கும் மூச்சும் உயிர்ப்பும். மூன்றாவது, மனோமய கோசம். ஆசை, கோபம், கவலை எல்லாம் குடியிருக்கும் மனம். நான்காவது, விஞ்ஞானமய கோசம். 'இது சரி, இது தவறு' என்று தீர்மானிக்கும் அறிவு. ஐந்தாவது, ஆனந்தமய கோசம். ஆழ்ந்த உறக்கத்தில் நாம் அனுபவிக்கும் சுகம் போன்றது.

இந்த உபநிஷதத்தில் ஓர் அழகான கதை வருகிறது. பிருகு என்ற இளைஞர் தன் தந்தை வருணனிடம் சென்று, பிரம்மத்தை உபதேசிக்கும்படி வேண்டுகிறார். தந்தையோ நேரடியாக விடை சொல்லாமல், 'தவம் செய்து நீயே அறிந்துகொள்' என்று அனுப்பிவிடுகிறார். பிருகு யோசிக்கிறார். 'அன்னமே பிரம்மம்' என்று தோன்றுகிறது. திருப்தி இல்லை. மீண்டும் வருகிறார்; மீண்டும் தவம். பிறகு பிராணன், அடுத்து மனம், அதன்பின் அறிவு என்று ஒவ்வொரு படியாகக் கடந்து, கடைசியில் 'ஆனந்தமே பிரம்மம்' என்று உணர்கிறார்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. அத்தனை பெரிய உண்மையை உணர்ந்த பிறகு, 'அன்னத்தை இகழாதே, அன்னத்தைப் பெருக்கு, வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே' என்று விரதம் சொல்கிறது உபநிஷதம். ஆனந்தத்தைக் கண்டவரை மறுபடியும் அன்னத்துக்கே அழைத்து வருகிறது! உறையைத் தாண்டிப் போ என்றுதான் சொல்கிறதே தவிர, உறையை வெறுத்து ஒதுக்கு என்று சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது தேவைப்படும்.

செம்பும் களிம்பும்

ஆன்மாவைப் பற்றி நம் ஆசாரியர்கள் வெவ்வேறு கோணங்களில் விளக்கியிருக்கிறார்கள். ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்பது ஆதிசங்கரரின் அத்வைதம். ஆன்மா இறைவனுக்குச் சரீரம் போன்றது என்பது ஸ்ரீராமானுஜரின் விசிஷ்டாத்வைதம். பதி, பசு, பாசம் என்று மூன்றாகப் பார்க்கிறது சைவ சித்தாந்தம். பதி என்றால் இறைவன். பசு என்பது உயிர். பாசம் என்பது உயிரைக் கட்டியிருக்கும் தளை. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களே அந்தத் தளை.

இதற்குச் சித்தாந்தப் பெரியோர் காட்டும் உவமை, செம்பும் களிம்பும். செம்புப் பாத்திரத்தை நாம் புளி போட்டுத் துலக்குகிறோம். பளபளக்கிறது. இரண்டு நாள் விட்டால் மறுபடியும் களிம்பு. எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து யாரும் பூசவில்லை. செம்போடு சேர்ந்தே இருக்கிறது களிம்பு. 'நான்', 'எனது' என்னும் ஆணவமும் அப்படித்தான் உயிரோடு ஒட்டியிருக்கிறது. அதனால்தான் ஒருநாள் பூஜை, ஒருநாள் விரதத்தோடு விட்டுவிடாமல், நித்தமும் துலக்க வேண்டும் என்கிறார்கள்.

இனி, இந்தத் தத்துவத்தைத் தங்கள் வாழ்க்கையாலேயே விளக்கிய மூன்று அடியார்களைப் பார்ப்போம். மூவருக்கும் திருவொற்றியூரோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

பட்டினத்தார் அழுதார்!

காவிரிப்பூம்பட்டினத்தில் பெரும் வணிகராக வாழ்ந்தவர் திருவெண்காடர். வளர்ப்பு மகன் மருதவாணர் விட்டுச் சென்ற பெட்டியில் காது ஒடிந்த ஊசியும், ஓலை நறுக்கும் இருந்தன. 'கடைசிப் பயணத்தில் இந்த ஒடிந்த ஊசிகூட உன்னோடு வராது' என்பதே அதன் செய்தி. அந்தக் கணமே அத்தனை செல்வத்தையும் விட்டு வெளியேறி, பட்டினத்தார் ஆனார்.

உடம்பின் நிலையாமையை அவரைப்போல் கடுமையாகப் பாடியவர்கள் குறைவு. ஆனால், தாயார் இறந்த செய்தி அறிந்ததும் அவர் என்ன செய்தார்? 'உடம்பு போனால் என்ன, ஆன்மா அழியாது' என்று இருந்துவிடவில்லை. ஓடோடி வந்தார். பச்சை வாழை மட்டைகளை அடுக்கிச் சிதை அமைத்தார். சுமந்து பெற்ற வயிற்றையும், ஊட்டி வளர்த்த கைகளையும் நினைத்து உருகி உருகிப் பாடினார். வாழை மட்டை தீப்பற்றி எரிந்தது என்கிறது அவர் வரலாறு.

ஆக, ஆன்ம ஞானம் கண்ணீரைத் தடை செய்வதில்லை. அன்பு வேறு, பற்று வேறு. 'என்னுடையது' என்று பிடித்து வைத்துக்கொள்வது பற்று. பிடித்து வைக்க முடியாது என்று தெரிந்த பிறகும் உருகுவது அன்பு. பிரிவால் வாடும் சகோதரிகள் 'எனக்குப் பக்குவம் போதவில்லையோ' என்று தங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. பட்டினத்தாரே அழுதிருக்கிறார்!

கையில் இருந்த பேய்க்கரும்பின் நுனி இனித்த இடம் திருவொற்றியூர் என்பதால், இங்கேயே தங்கினார் அவர். கடற்கரையில் சிறுவர்களோடு விளையாடியபடி, தன்னை மூடச் சொல்லி, திறந்து பார்த்தபோது சிவலிங்கமாக இருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கடலைப் பார்த்தபடி இருக்கிறது அவரது ஜீவசமாதி.

பார்வை யாருடையது?

அடுத்தவர், சுந்தரர். இந்தத் தலத்தில் சங்கிலியாரை மணக்கும்போது, 'உன்னைப் பிரியேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வரவே, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். கண் பார்வை போயிற்று. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பார்வை பெற்றன.

சத்தியத்தை மீறக்கூடாது என்பது இதில் வெளிப்படையான பாடம். ஆன்ம தத்துவமும் இதனுள் அடங்கியிருக்கிறது. கண்ணுக்குப் பார்க்கும் சக்தி உண்டு. ஆனால் இருட்டில் அது தனியாக எதையும் பார்த்துவிட முடியாது. வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இருந்தாலும், கண்ணோடு உயிர் கூடினால்தான் காட்சி. அதுபோல, அறியும் தன்மை உள்ள உயிருக்கு இறைவன் அறிவிக்கவும் வேண்டும், உடனிருந்து அறியவும் வேண்டும். இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்கிறது சித்தாந்தம். 'நானே தெரிந்துகொண்டேன்' என்று நினைக்கும்போதே, மறுபடியும் களிம்பு ஏறத் தொடங்கிவிடுகிறது!

ஏழு திரைகளும் அணையாத அடுப்பும்

மூன்றாமவர், வள்ளலார். 1823-ஆம் ஆண்டு மருதூரில் அவதரித்து, சென்னை ஏழுகிணறு பகுதியில் வளர்ந்தவர். அங்கிருந்து திருவொற்றியூருக்கு அடிக்கடி வந்து ஈசனையும் அம்பிகையையும் பாடினார். ஒருநாள் இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணியார் வடிவில் வந்து அவரை எழுப்பி அமுதூட்டினாள் வடிவுடையம்மன். பிறகு உண்மையான அண்ணியார் வந்து சாப்பிட அழைத்தபோதுதான், முன்பு வந்தது யார் என்பது புரிந்தது!

பின்னாளில் வடலூரில் அவர் செய்த இரண்டு காரியங்களை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பாருங்கள். 1867-ல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிப் பசித்தோருக்கு உணவிட்டார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. 1872-ல் சத்திய ஞான சபையை நிறுவினார். அங்கே ஏழு நிறத் திரைகள். அவற்றுக்குப் பின்னே ஜோதி. தைப்பூசத்தன்று திரைகள் விலகி, ஜோதி தரிசனம் கிடைக்கிறது. திருவொற்றியூரில் கவசம், வடலூரில் திரை. இரண்டும் சொல்லும் உண்மை ஒன்றே.

முதலில் வந்தது சபை அல்ல, சாலை! திரை விலகிப் பார்ப்பதற்கு முன், பசித்தவருக்குச் சோறு. தன்னுள் இருக்கும் ஆன்மாவைத் தேடுபவர், எதிரில் நிற்பவருக்குள்ளும் அதே ஆன்மா இருப்பதை உணர வேண்டாமா? 'உடம்பு பொய்' என்று சொல்லி, அடுத்தவர் பசியைப் பார்த்தும் பாராமல் போவது ஞானம் ஆகாது. பிருகுவுக்கு உபநிஷதம் சொன்ன அன்ன விரதமும் இதுதான்.

வீட்டிலேயே பழகலாம்

இதற்காகக் காட்டுக்குப் போக வேண்டாம். நம் வீட்டிலேயே மூன்று பழக்கங்களைத் தொடங்கலாம்.

ஒன்று: தமிழில் 'எனக்குக் கோபம் வந்தது', 'எனக்குக் கவலை வந்தது' என்கிறோம். வந்தது என்றால், அது விருந்தாளி, போய்விடும். 'யாருக்கு வந்ததோ, அவர்தானே நான்?' என்று கோபம் வரும்போது ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அந்தச் சில நொடிகளில் வேகம் தணிவதை நீங்களே உணர்வீர்கள்.

இரண்டு: மாலையில் விளக்கேற்றியதும் ஐந்து நிமிடங்கள் அதன் எதிரே அமருங்கள். 'என் கை', 'என் மூச்சு', 'என் மனம்', 'என் அறிவு' என்று வரிசையாக நினைத்து, 'இவற்றை எல்லாம் "என்" என்று சொல்பவர் யார்?' என்று கேளுங்கள். விடை தேடி அலைய வேண்டாம். கேள்வியோடு அமைதியாக இருந்தாலே போதும்.

மூன்று: தினமும் ஒருவருக்காவது, அவருக்குள் இருக்கும் இறைவனை நினைத்து உணவோ தண்ணீரோ கொடுங்கள். வீட்டில் வேலை செய்பவராக இருக்கலாம். வாசலில் நிற்கும் கூரியர் பையனாகவும் இருக்கலாம்.

மூன்று நாள் தரிசனம் முடிந்ததும் ஆதிபுரீஸ்வரருக்கு மறுபடியும் கவசம் சாத்தப்படுகிறது. நமக்கும் மனைவி, தாய், மருமகள், மாமியார் என்று எத்தனையோ கவசங்கள். அவற்றைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர் யார் என்பதை மறவாமல் அணிந்துகொண்டால் போதும். அந்த ஞானத்தை வடிவுடையம்மன் நம் அனைவருக்கும் அருளட்டும்!

தரிசிக்கச் செல்வோருக்கு...

கவசமில்லாத தரிசனம்: கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள்.
மகிழடி சேவை: மாசிப் பெருவிழாவின்போது.
பட்டினத்தார் குருபூஜை: ஆடி மாதம், உத்திராடம்.
செல்லும் வழி: மெட்ரோ ரயிலில் வருபவர்கள் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயிலுக்குச் செல்வது எளிது.