பேஸ்மென்டில் ஒரு ரயில்பாதை

கேள்வி: எங்கள் வீட்டு பேஸ்மென்ட் காலியாகக் கிடக்கிறது. அதில் ஹெச்ஓ அளவில் மாடல் ரயில் அமைக்க ஆசை. எதில் தொடங்கலாம்?
– வாசகர், டொரண்டோ

பதில்: தண்டவாளம் வாங்கும் முன் அறையைக் கவனியுங்கள். ஈரம் ஏறி இறங்கினால் மரச்சட்டம் உப்பும், சுருங்கும். மேலே பதித்த பாதை நெளிந்துவிடும். சுவர்க் கசிவை அடைத்துவிட்டு, ஈரப்பதம் நீக்கும் கருவி ஒன்றை ஓடவிடுங்கள்.

அறை நடுவில் பெரிய மேசை வேண்டாம். சுவரை ஒட்டிப் பலகை போடுங்கள், அகலம் இரண்டரை அடிக்குள். அதற்கு மேல் போனால், தடம்புரண்ட பெட்டியைக் கை எட்டி எடுக்க முடியாது.

ஹெச்ஓ என்றால் நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. சிறிய இன்ஜின்களுக்கு வளைவின் ஆரம் 18 அங்குலம் போதும். நீளமான பயணிகள் பெட்டி அதில் அசிங்கமாகத் துருத்தும். 30 அங்குலம் கொடுங்கள். பலரும் கோட்டை விடுவது ஏற்றத்தில்தான். ஒரு பாதைக்கு மேல் இன்னொன்று கடக்கச் சுமார் மூன்று அங்குல உயரம் வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் ஏறினால் அதற்கே பன்னிரண்டரை அடி தேவை. இறங்கவும் அதே நீளம். இதைக் காகிதத்தில் கணக்குப் பார்க்காமல் ரம்பத்தைத் தொடாதீர்கள்.

கலிபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் தன் வீட்டு பேஸ்மென்டில் எழுப்பிய மலைப்பாதையின் படங்களை அவசியம் பாருங்கள். தரையிலிருந்தே மலை எழும்பும். வண்டிகளில் துருவும் அழுக்கும் நிஜம்போலப் படிந்திருக்கும். 1973-ல் அவர் இறந்த சில நாட்களில் அது தீக்கிரையானது பேரிழப்பு. மின்கம்பி வேலையைத் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள். தீயணைப்பான் ஒன்றும் அறையில் இருக்கட்டும்.