தாத்தா ஓட்டிய சக்திமான்

கேள்வி: என் தாத்தா பட்டாளத்தில் ஏ.எஸ்.சி. (சப்ளை, போக்குவரத்துப் பிரிவு) டிரைவர். 1968-ல் சேர்ந்து 1985-ல் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். 'த்ரீ டன்' என்று அவர் சொல்லும் சக்திமான் லாரியைச் சின்ன மாடலாகச் செய்து அவருக்குக் கொடுக்க ஆசை. டாங்கி, விமானம் எல்லாம் கிட்டாகக் கிடைக்கின்றன, இந்த லாரி மட்டும் எங்கும் இல்லை. அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் இதுவும் ஒன்றுதானா? எந்த அளவில் செய்வது? என்ன நம்பர் எழுதுவது? மிஞ்சும் பச்சை பெயின்ட்டை என் புல்லட்டுக்கு அடிக்கலாமா?
— கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: இரண்டும் ஒன்றல்ல. சக்திமானுக்கு முன்னால் பானெட் நீண்டிருக்கும், ஸ்டாலியன் தட்டை முகம். ஸ்டாலியன் ராணுவத்துக்குள் வந்ததே தொண்ணூறுகளில்தான். உங்கள் தாத்தா அதற்குள் ஊருக்கு வந்து நிலத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். ஆனாலும் ஸ்டாலியனை உங்கள் பக்கத்து வண்டி என்று சொல்லிக்கொள்ளலாம். அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை 1980-ல் தொடங்கியபோது ஓசூர் உங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அது அந்தப் பக்கம் போய்விட்டது.

சக்திமானின் பூர்வீகம் ஜெர்மனி. எம்.ஏ.என். நிறுவனத்தின் 415 வகை நான்கு சக்கர இழுவை லாரியை உரிமம் பெற்று 1959-ல் ஜபல்பூரில் செய்யத் தொடங்கினார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன். அதுவரை நம் ராணுவம் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர் மிச்சங்களையும் இறக்குமதியையும் நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'ராணுவத் தொழிற்சாலையில் காபி பெர்கோலேட்டர் செய்கிறார்கள்' என்று மேனனைக் கேலி செய்தவர்கள் இந்த லாரியைக் கணக்கில் எடுக்கவில்லை. முதலில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் தயாரானது, 1969-ல் இதற்கென்றே எழுந்த ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலைக்கு மாறியது. 1996 வரை உற்பத்தி நடந்தது. அதன்பின் அதே ஆலையில் ஸ்டாலியனையும் டாட்டா லாரியையும் பூட்டத் தொடங்கினார்கள்.

65, 71 என இரண்டு போர்களிலும் ஆள், அரிசி, குண்டு, தண்ணீர் எல்லாவற்றையும் சுமந்தது இந்த வண்டி. ராணுவக் கணக்கில் டாங்கி 'ஏ' வெஹிக்கிள், லாரி 'பி' வெஹிக்கிள். கிட் கம்பெனிகளும் அதே வரிசையைத்தான் வைத்திருக்கின்றன. இந்திய லாரி அந்த வரிசையில் கடைசி. என்னைக் கேட்டால், அலமாரியில் பத்தாவது டாங்கியை வைப்பதைவிட இதைச் செய்வதுதான் வேலை.

ஆயத்த கிட்டைத் தேடி நாள் கடத்த வேண்டாம். இதன் அண்ணன் எம்.ஏ.என். 630, ஜெர்மன் ராணுவத்தில் இருந்தது. அதை ரோகோ நிறுவனம் 1/87 அளவில் செய்திருக்கிறது. முகச்சாயல் பிடிபட அது உதவும். ஆனால் அளவுகள் அப்படியே ஒத்துவராது, பொருளும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வயதானவர் கண்ணாடி போட்டுத் தேடிப் பார்க்கும்படியான பரிசு வேண்டாம். ராணுவ வண்டிகளுக்கு மாடல்காரர்கள் பெரிதும் எடுப்பது 1/35. (இந்த விநோத எண் அறுபதுகளின் தொடக்கத்தில் டாமியா என்ற கிட் கம்பெனி செய்த பாந்தர் டாங்கிக்குள் பேட்டரி நுழைய வேண்டும் என்பதற்காக வந்தது. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.) ஏழு மீட்டர் லாரி என்றால் 1/35-ல் இருபது சென்டிமீட்டர். 1/72-ல் பத்துகூட வராது. 1/35-ஐயே எடுங்கள்.

வரைபடம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பக்கவாட்டில் நேராக எடுத்த ஒரு படம் போதும். டயரை அளவுகோலாக வையுங்கள். லாரி டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர், அதாவது மாடலில் சுமார் 29 மில்லிமீட்டர். படத்தில் டயரின் விட்டத்துக்கு எத்தனை மடங்கு கேபின், எத்தனை மடங்கு பாடி என்று அளந்தால் மற்ற எல்லாம் வந்துவிடும். பின் சக்கரம் ஒற்றையா இரட்டையா என்பதையும் படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சேஸிஸுக்கு பிளாஸ்டிக் ஷீட், பாடிக்கு சன்போர்டு, டயருக்கு அதே விட்டமுள்ள பொம்மை லாரி. தார்ப்பாய்க்குத் துணி மட்டும் வேண்டாம், அந்த அளவில் சாக்குப்பை போலத் தெரியும். கம்பி வளைவுகளின்மேல் டிஷ்யூ பேப்பரைப் போட்டு, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைப் பிரஷால் தடவுங்கள். காயும்போது தானே தொய்ந்து மடிப்பு விழும்.

நிறத்தில் ஒரு சூட்சுமம். நிஜ வண்டியின் பச்சையை அப்படியே மாடலில் அடித்தால் கறுத்துத் தெரியும். கொஞ்சம் வெளுப்பாகக் கலந்து, பளபளப்பில்லாமல் மேட்டாக அடியுங்கள். இன்னொன்று, கிட் அட்டைப் படங்களைப் பார்த்து வண்டி முழுக்கத் துருவும் சேறும் பூசாதீர்கள். பட்டாளத்தில் வண்டியைத் துடைக்காமல் விட்ட டிரைவர் என்ன பாடுபடுவார் என்று தாத்தாவிடமே கேளுங்கள். சக்கரத்தடியிலும் மட்கார்டு ஓரத்திலும் தூசி போதும். லடாக்கின் வெளிறிய தூசியா, ராஜஸ்தான் மணலா என்பது அவர் எங்கே ஓட்டினார் என்பதைப் பொறுத்தது.

நம்பரில்தான் பலர் சறுக்குகிறார்கள். ராணுவ வண்டி நம்பர் பொதுவாக மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும். அடுத்து வரும் இரண்டு இலக்கம் வண்டி வாங்கிய ஆண்டு. 1971 போர்க்கள லாரி என்று சொல்லி 78 என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். ஆகவே முதலில் ஓர் ஆண்டையும் ஓர் இடத்தையும் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான். இதற்குப் புத்தகத்தைவிட நல்ல ஆதாரம் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பழைய வண்டியின் நம்பரை மறந்த பட்டாள டிரைவரை நான் பார்த்ததில்லை. பின்னால் டிஃபரன்ஷியலில் வெள்ளை அடித்திருந்ததா என்றும் கேளுங்கள். இருட்டில் கான்வாய் போகும்போது விளக்கை அணைத்துவிட்டு, முன்வண்டியின் அந்த வெள்ளையைப் பார்த்தே ஓட்டுவது பிரிட்டிஷ் ராணுவப் பழக்கம். அவர் வண்டியில் அது இருந்திருந்தால் மாடலிலும் ஒரு பொட்டு வெள்ளை வையுங்கள். பரிசு என்பதை மறைத்து இதையெல்லாம் கேட்டு வாங்குவது கஷ்டம்தான். சொல்லிவிட்டே செய்யுங்கள், அவரும் கூட உட்காரட்டும்.

புல்லட்டுக்கு அந்தப் பச்சை கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 121-வது விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறு எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. இருபது சென்டிமீட்டர் லாரிக்கு அந்த விதி பொருந்தாது.