சுற்றிச் சுற்றி வரும் கவலை

வைட்ஃபீல்ட் பெங்களூரின் கிழக்கே இருக்கிறது. அங்கே அடுக்குமாடி வீடுகள் பல. தினமும் அங்கே வீட்டு வேலைக்குப் போகிறாள் ஒரு பெண்.

பஸ் ஏறியதும் அவள் மனம் கேட்கிறது: “கேஸை அணைத்தேனா?” வேலை செய்யும்போதும் அதே கேள்வி. பாத்திரம் கை தவறி விழுகிறது. உடனே புதுக் கவலை: “வேலை போய்விடுமோ?”

சிறு வயதிலிருந்தே அவளுக்கு மறதி அதிகம். ஒரு வேலையை முடிக்குமுன் இன்னொன்றில் கை வைப்பாள். “பொறுப்பில்லாதவள்” என்று எல்லோரும் திட்டினார்கள்.

மனநல மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: “இது உங்கள் குற்றம் இல்லை அம்மா. இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர்.”

ஏ.டி.எச்.டி. என்றால் என்ன?

இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. குழந்தைப் பருவத்தில் தொடங்கும். பலருக்குப் பெரியவர்களான பிறகும் நீடிக்கும். கவனத்தை ஒன்றில் நிறுத்துவது கடினம். ஒன்றிலிருந்து திருப்புவதும் கடினம். மறந்து மறந்து திட்டு வாங்கிய மனம் எப்போதும் அஞ்சுகிறது. அதனால் கவலை செக்குமாடுபோல் சுற்றுகிறது.

என்ன செய்யலாம்?

1. கவலையோடு சண்டை போடாதீர்கள். விரட்டினால் திரும்பி வரும். “கவலை வந்திருக்கிறது” என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்.

2. கவலையைத் தாளில் எழுதுங்கள். இன்று செய்யக்கூடியதை அதன் கீழே எழுதுங்கள். ஒன்றும் இல்லையா? தாளை மடித்து வையுங்கள்.

3. கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: கேஸ், விளக்கு, சாவி. புறப்படும்போது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒருமுறை போதும். திரும்பத் திரும்பப் பார்த்தால் கவலை வளரும்.

4. தினமும் வேகமாக நடங்கள். நேரத்தோடு தூங்குங்கள்.

கவலை தூக்கத்தையோ வேலையையோ கெடுக்கிறதா? திரும்பத் திரும்பப் பார்க்காமல் இருக்க முடியவில்லையா? மருத்துவரிடம் போங்கள். அது வேறு நோயாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. பெங்களூர் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. போக முடியாதவர்கள் 14416 எண்ணுக்குப் போன் செய்யலாம். இது 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. இரவும் பகலும் உண்டு. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

இப்போது அந்தப் பெண் கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறாள். பஸ்ஸில் கவலை இன்னும் வருகிறது. “படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்” என்கிறாள். அவள் எழுதிய எழுத்தே அவளுக்குத் துணை.

சிந்திப்போம்

உங்கள் வீட்டுக் கதவுச் சீட்டில் என்னென்ன எழுதுவீர்கள்?

மறதி உள்ளவரைத் திட்டினால் மறதி போகுமா?